மார்கழிக் கடைசியில் மாடித்தோட்டம்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சென்னையில் காலைப்பனி இறங்கும் மார்கழிக் கடைசியில் மாடித்தோட்டத்தின் முதல் வேலை விதைப்பதன்று, தொட்டி மண்ணைத் தேற்றுவதே. ஏனெனில் தொடர்மழை சத்துகளைக் கரைத்துச் சென்று மண்ணை இறுக்கியிருக்கும். மண்ணைக் கொட்டிக் கிளறி வெயிலில் உலர்த்தி, மூன்றில் ஒரு பங்கு மண்புழு உரமும் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து, அடித்துளை அடைபடாதபடி ஓட்டுச்சில்லு வைத்து நிரப்புங்கள்.

கத்தரி, தக்காளி, மிளகாய் விதைகளை, அலசிய தென்னைநார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டில் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் இப்போதே இட்டால், நான்கைந்து இலை விட்ட நாற்றுகளைத் தைக் கடைசியில், வெயில் தாழ்ந்தபின் தொட்டிக்கு மாற்றலாம். சமையலறைத் தக்காளியின் விதையும் முளைக்கத்தான் செய்யும். ஆனால் அதன் காய்ப்பை நம்ப முடியாது. வெண்டையையும் கொத்தவரையையும் நேரடியாக ஊன்றுவதே நல்லது. பீர்க்கன், புடலைக்கு முதலில் பந்தல் கட்டிவிட்டு, விதையை இரவு முழுவதும் ஊறவைத்து ஊன்றுங்கள்.