ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம்: முதன்முறை செல்பவர்களுக்கான செய்முறை

கிரேக்கத் தலைநகர் ஏதென்ஸில் உள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் முன்பும் பத்து நொடி நின்றால்கூட முப்பது மணி நேரம் தேவைப்படும். ஆகவே எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையை வாசலிலேயே விட்டுவிடுவது நல்லது. ஐந்தாறு பொருள்களைத் தேர்ந்துகொண்டு, அவற்றின் முன் பொறுமையாக நின்று பார்ப்பதே முதல் வருகைக்கு ஏற்ற வழி என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள வரிசைக்குச் சுமார் மூன்று மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

படி 1: புறப்படுவதற்கு முன்

திறப்பு நேரம் பருவத்துக்கு ஏற்ப மாறும். செவ்வாய்க்கிழமைகளில் பிற்பகலில்தான் திறப்பது வழக்கம். அன்றைய நேரத்தை அருங்காட்சியக இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மெட்ரோவில் வருபவர்கள் விக்டோரியா நிலையத்தில் இறங்கி நடந்தே வந்துவிடலாம்.

ஒரு சிறு தாளில் நான்கு காலப்பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: சைக்ளாடிக் (கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டு), மைசீனியம் (ஏறத்தாழ கி.மு. 1600 முதல் 1100 வரை), ஆர்க்காயிக் (கி.மு. 480 வரை), கிளாசிக்கல் (கி.மு. 323 வரை). கி.மு. ஆண்டுகளில் எண் பெரிதாக இருந்தால் பொருள் பழையது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இது எளிய செய்திதான். ஆனால் அறை அறையாக நடந்து களைத்த பிறகு பலரும் தடுமாறும் இடம் இதுவே.

படி 2: நேராக 4ஆம் அறைக்கு

நுழைந்ததும் எதிரே இருப்பது மைசீனியக் கூடம். 1876இல் மைசீனி என்ற பழங்கால நகரில் ஜெர்மானியத் தொல்லியலாளர் ஹைன்ரிச் ஷ்லீமன் அகழ்ந்தெடுத்த பொன்முகமூடி இங்கே இருக்கிறது. டிராய்ப் போரில் கிரேக்கப் படைக்குத் தலைமை தாங்கியதாகக் காவியம் சொல்லும் மன்னனின் பெயரால் 'அகமெம்னானின் முகமூடி' என்ற பெயர் நிலைத்துவிட்டாலும், டிராய்ப் போருக்குச் சொல்லப்படும் காலத்தைவிட ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் முந்தையது என்பதால் இது அந்த மன்னனுடையதாக இருக்க முடியாது.

பெயரை ஒதுக்கிவிட்டு வேலைப்பாட்டைப் பாருங்கள். இறந்தவரின் முகத்தை மூடுவதற்காக ஒரே பொன்தகட்டைத் தட்டித் தட்டி எழுப்பிய உருவம் இது. மீசையும் தாடியும் மயிர் மயிராகக் கோடிடப்பட்டுள்ளன. காதுகளின் அருகே உள்ள சிறு துளைகள், முகத்தோடு சேர்த்துக் கட்டுவதற்கான நூல் நுழைந்த இடங்கள். கண்களில் சற்று நேரம் பார்வையை நிறுத்துங்கள்: இமைகள் மூடியிருப்பது போலவும் திறந்திருப்பது போலவும் மாறி மாறித் தோன்றும்.

பக்கத்தில் உள்ள 6ஆம் அறையில், இதைவிடவும் பழைய சைக்ளாடிக் பளிங்கு உருவங்களை, குறிப்பாக யாழ் மீட்டுபவரை, ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

படி 3: சிலைகளைப் பாதத்திலிருந்து பாருங்கள்

7ஆம் அறையில் தொடங்கி எண் வரிசையிலேயே நடங்கள். வரிசையை மாற்றினால் அடுத்து வருவது புரியாமல் போய்விடும். 8ஆம் அறையில் சூனியோன் முனையில் கிடைத்த இளைஞன் சிலை நிற்கிறது. கி.மு. 600ஐ ஒட்டிச் செதுக்கப்பட்டது; உயரம் மூன்று மீட்டருக்கும் சற்று அதிகம். இடது கால் ஓர் அடி முன்னே வைக்கப்பட்டிருந்தாலும், எடை இரு கால்களிலும் சமமாக இறங்குவதால் உடல் அசைவதில்லை. கைகள் தொடையோடு ஒட்டிக்கிடக்கின்றன. சில அறைகள் தள்ளி, கி.மு. 500ஐ ஒட்டிய, அரிஸ்டோடிகோஸ் என்ற இளைஞனின் சிலையில் அதே கால் முன்னே இருக்கிறது, ஆனால் கைகள் உடலை விட்டு விலகத் தொடங்கிவிட்டன. 15ஆம் அறைக்கு வந்தால், ஆர்ட்டெமிசியோன் முனைக் கடலிலிருந்து மீட்கப்பட்ட வெண்கலக் கடவுள், கி.மு. 460 அளவில் வார்க்கப்பட்டவர், இரு கைகளையும் அகல விரித்து, பின்காலின் குதிகாலை உயர்த்தி, எறியப்போகும் நொடியில் நிற்கிறார். ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளில் கல்லாய் நின்ற உடல் எடையை மாற்றி நிற்கக் கற்றுக்கொண்டதை நீங்கள் சில நிமிட நடையில் கண்டுவிட்டீர்கள். இந்த அருங்காட்சியகம் எனக்குத் தந்த மிகப் பெரிய மகிழ்ச்சி இதுதான்.

கையில் இருந்த ஆயுதம் கிடைக்காததால், அவர் இடி ஏந்திய சீயஸா, திரிசூலம் ஏந்திய பொசைடனா என்ற விவாதம் நீடிக்கிறது. சிலையைச் சுற்றி நடந்து, திரிசூலம் இருந்திருந்தால் பக்கவாட்டுப் பார்வையில் முகத்தை மறைத்திருக்குமா என்று நீங்களே கணித்துப் பாருங்கள்.

இரண்டாம் உலகப்போரின்போது இந்த அறைகளின் தரையைத் தோண்டி, சிலைகளைக் குழிகளில் இறக்கி மண் மூடிக் காப்பாற்றினார்கள். அவற்றின் முன் நிற்கும்போது அதையும் எண்ணிப்பாருங்கள்.

சிலைகளைப் போலவே கையைக் காலைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்ள முயன்றால் காவலர்கள் தடுப்பார்கள், அது நியாயமே. ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம்.

படி 4: 38ஆம் அறையின் பச்சைத் துண்டுகள்

இவை அன்டிகிதெரா இயந்திரத்தின், அதாவது வானியல் நிகழ்வுகளைக் கணித்த பழங்கால வெண்கலப் பல்சக்கரக் கருவியின், துண்டுகள்; 1900இல் கடற்பஞ்சு எடுக்கும் மூழ்காளிகள் அன்டிகிதெரா தீவருகே கண்டுபிடித்த கப்பல் சிதைவிலிருந்து வந்தவை. பாசி பிடித்த கல் போலிருக்கும் பெரிய துண்டின் முன் குனிந்து, நான்கு ஆரங்கள் கொண்ட சக்கரத்தையும் அதன் விளிம்பில் வரிசையாக உள்ள முக்கோணப் பற்களையும் தேடிப் பிடியுங்கள். எஞ்சியுள்ள பல்சக்கரங்கள் முப்பது. அவற்றுள் ஒன்றுக்கு 223 பற்கள். கிரகணங்கள் 223 சந்திர மாதங்களுக்கு ஒருமுறை அதே வரிசையில் திரும்பும் என்பதால் அந்த எண். மூலத்தைப் பார்த்த பிறகே அருகில் உள்ள மறுவடிவங்களைப் பாருங்கள். முதலில் மறுவடிவத்தைப் பார்த்தால் கண் தேடுவதை நிறுத்திவிடும்.

படி 5: மாடி

கால் வலித்தாலும் மாடிக்கு ஏறத் தவறாதீர்கள். சாந்தோரினி தீவில் எரிமலைச் சாம்பலில் புதைந்த அக்ரோத்திரி ஊரின் சுவரோவியங்கள் 48ஆம் அறையில் உள்ளன. வசந்த ஓவியம் மூன்று சுவர்களைச் சூழ்ந்தபடி வரையப்பட்டது: வண்ணப் பாறைகள், அவற்றின் மேல் சிவந்த அல்லிக் கொத்துகள், நடுவே பறக்கும் தகைவிலான் குருவிகள். விளக்கப் பலகையைப் படிக்கும் முன், அந்தரத்தில் அலகோடு அலகு நெருங்கும் குருவி இணையைத் தேடுங்கள்.