வைன் கூலர் சென்சாரைச் சோதிக்க ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீரும் மல்டிமீட்டரும் போதும்

வைன் கூலரில் (ஒயின் பாட்டில்களுக்கான சின்ன ஃபிரிட்ஜ்) 12 டிகிரி வைத்திருக்கிறீர்கள், டிஸ்ப்ளே 5 காட்டுகிறது, பாட்டிலைத் தொட்டால் வெதுவெதுப்பு. அல்லது எண்ணே வராமல் பிழைக் குறியீடு மின்னுகிறது. முதலில் சாதாரண தெர்மாமீட்டரை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க உள்ளே வையுங்கள், ஏனென்றால் ஃபேன் நின்று போனாலும் இதே மாதிரிதான் ஏமாற்றும்.

வித்தியாசம் நிஜம்தானா? சரி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே சின்ன பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இரண்டு ஒயரோடு இருக்கும் வெப்பநிலை சென்சாரைத் தேடி, அதன் கனெக்டரைக் கழற்றித் திரும்பச் செருகுங்கள். கனெக்டர் ஈரத்தில் பச்சை பூத்திருந்தால் சிக்கல் அங்கேயே முடிந்துவிடலாம்.

முடியவில்லையென்றால் கனெக்டரைக் கழற்றி, சென்சாரின் இரண்டு ஒயருக்கும் இடையே மல்டிமீட்டரில் மின்தடையை (ஓம்) அளந்து பாருங்கள். இந்தச் சென்சார் பெரும்பாலும் என்டிசி தெர்மிஸ்டர், அதாவது வெப்பநிலைக்கேற்ப மின்தடை மாறும் பாகம், குளிரக் குளிர ஓம் ஏறும். 10 கிலோ ஓம் வகை என்றால் 25 டிகிரியில் 10, ஐஸ் தண்ணீரில் கிட்டத்தட்ட 30 கிலோ ஓம் காட்ட வேண்டும். சில மாடல்களில் 5 கிலோ ஓம் வரும், அதனால் மேனுவலைப் பார்த்துவிட்டு புது சென்சார் வாங்குங்கள். மீட்டர் எந்த அளவும் காட்டவில்லையா, ஒயரோ சென்சாரோ அறுந்திருக்கிறது, பூஜ்யமா, உள்ளே ஒன்றோடொன்று தொட்டு ஷார்ட் ஆகியிருக்கிறது. அளவு சரியாக இருந்தும் டிஸ்ப்ளே பொய் சொன்னால் கூலரின் கன்ட்ரோல் போர்டுதான் குற்றவாளி, அது மெக்கானிக் வேலை.