எஸ்பிரெசோ இயந்திரம் வாங்குமுன் காபி கிரைண்டரை வாங்குங்கள்

காரைக்குடி வீட்டில் பித்தளை ஃபில்டரில் இறங்கும் கள்ளிச்சொட்டு டிகாக்‌ஷனில் வளர்ந்த நாக்குக்கு, புதிதாக வாங்கிய எஸ்பிரெசோ இயந்திரம் முதல் வாரம் முழுக்கக் கொடுத்தது புளிப்பேறிய வெந்நீரைத்தான். குறை இயந்திரத்தில் இல்லை; கடையில் அரைத்து வாங்கிய ஃபில்டர் தூளை நான் அதில் போட்டதே காரணம். 9 பார் அழுத்தத்தில் பாயும் நீரைத் தடுத்து நிதானப்படுத்தும் அளவுக்கு அந்தத் தூள் நைசாக இருப்பதில்லை. சிக்கரி கலந்ததோ அறவே வேண்டாம். காபியைவிட அது மிக எளிதில் நீரில் கரைந்துவிடும்.

ஆகவே, பணத்தை முதலில் பர் கிரைண்டரில் (இரண்டு பல்வெட்டுகளுக்கு இடையே கொட்டையை ஒரே சீராக அரைப்பது) போடுங்கள். மிக்சியின் பிளேடு மாவையும் நொய்யையும் ஒன்றாகத் தரும் என்பதால் அது உதவாது. கையால் சுற்றும் கிங்கிரைண்டர் கே6 எனக்குப் போதுமானதாக இருக்கிறது. இயந்திரத்தில், 58 மில்லிமீட்டர் போர்ட்டாஃபில்டர் (தூளைத் தாங்கும் கைப்பிடி) கொண்ட காஜியா கிளாசிக் வகையையே பரிந்துரைப்பேன். அதனுள் தூள் நிரப்பும் துளையிட்ட கிண்ணம்தான் பாஸ்கெட்; இரட்டைச் சுவர் பாஸ்கெட் நுரையை அழகாகக் காட்டி அரைவையின் தவற்றை மறைத்துவிடும். ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டில் பழகுங்கள். 0.1 கிராம் வரை காட்டும் தராசும் அவசியம்.

சிக்கமகளூர் அராபிகா கொட்டையை, வறுத்த தேதி பார்த்து வாங்கி, ஒரு வாரம் ஆறவிடுங்கள். 18 கிராம் அரைத்து, பாஸ்கெட்டில் சமமாகப் பரப்பி, தூளை அமுக்கும் டேம்பரைச் சாய்க்காமல் அழுத்துங்கள். கோப்பையைத் தராசின்மேல் வைத்து, 36 கிராம் இறங்க எத்தனை விநாடி ஆகிறதென்று பாருங்கள்; 25 முதல் 30 விநாடி வரை சரியான அளவு.

நான் இடறி விழுந்தது இந்த இடத்தில்தான். 12 விநாடியில் இறங்கியதும் பதறிப்போய், தூளின் எடையையும் அரைவையையும் டேம்பரின் அழுத்தத்தையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, எதனால் எது நேர்ந்தது என்று புரியாமல் கால் கிலோ கொட்டையை வீணாக்கினேன். எடையை 18 கிராமிலேயே நிறுத்திக்கொண்டு, அரைவையை மட்டும் மாற்றுங்கள்: வேகமாக இறங்கிப் புளித்தால் இன்னும் நைசாகவும், 40 விநாடி இழுத்துக் கசந்தால் சற்றே பெருவெட்டாகவும் அரைக்க வேண்டும். செட்டிநாட்டு இனிப்பான மனகோலத்துக்குப் பாகு காய்ச்சுபவர்களுக்கு இந்தப் பதம் எளிதில் பிடிபடும். முதலில் கறுத்த சொட்டுகள் விழும், பிறகு கம்பிப் பாகுபோல் அறுபடாத இழையாக வழியும், அந்த இழை வெளிறிக் கலையும்போது நிறுத்திவிடலாம்.

பிற்சேர்க்கை: தேவகோட்டை வாசகர் ஒருவர் பிளக் சூடாவதாக எழுதியிருந்தார். இவ்வகை இயந்திரங்கள் பல 1,400 வாட்டுக்குமேல் இழுப்பதால், பழைய வளவு வீடுகளின் 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டாமல் 16 ஆம்பியர் இணைப்பு போட்டுக்கொள்ளுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரைப் பற்றியும் கேட்டிருந்தார். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்கு படிகிறதென்றால், அந்த நீரை இயந்திரத்தில் ஊற்றாதீர்கள்.