பாதத்துக்கு எண்ணெய், பாலுக்கு ஜாதிக்காய்: இரவில் செய்யும் தவறுகள்

நாள் முழுக்க நின்ற கால், படுத்ததும் கடுகடுக்கும். அதற்கு ஆயுர்வேதம் சொல்வது பாதாப்யங்கம், அதாவது பாதத்துக்கு எண்ணெய் தேய்ப்பது. எளிய வேலைதான், அவசரத்தில்தான் கெட்டுப்போகிறது.

சாப்பிட்ட கையோடு தேய்க்கக் கூடாது. அஜீரணத்திலும் காய்ச்சலிலும் எண்ணெய் தேய்ப்பதை மூல நூல்களே விலக்குகின்றன. இரவு உணவுக்குப் பின் இரண்டு மணி நேரமாவது போகட்டும்.

எண்ணெயை நேராக அடுப்பில் ஏற்றுவது இன்னொரு தவறு. இரண்டு பாதத்துக்கும் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் (10 மி.லி.) போதும். அதைக் கிண்ணத்தில் ஊற்றி, கிண்ணத்தை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்குச் சூடு உறைக்காது, கொப்புளம் கிளம்பிய பிறகே தெரியும். அவர்களுக்கு வேறொருவர் சூடு பார்ப்பதே நல்லது. விரலிடுக்கில் எண்ணெயும் ஈரமும் தங்கினால் சேற்றுப்புண் வரும். ஆகவே காலுக்கு ஐந்து நிமிடம் தேய்த்து, வெந்நீரில் பிழிந்த துணியால் இடுக்கெல்லாம் துடைத்துவிடுங்கள். எண்ணெய்க் காலோடு குளியலறைக்கு நடந்தால் வழுக்கி விழுவது உறுதி.

தூக்கத்துக்குக் குடிக்கும் பாலில் ஜாதிக்காய்த் தூள் ஒரு சிட்டிகைதான். 'தூக்கம் வரவில்லையே' என்று அரை மணியில் இன்னொரு சிட்டிகை போடுவது மோசமான பழக்கம், ஏனென்றால் அது வேலை செய்யவே சில மணி நேரம் ஆகும். 5 கிராம் அளவுக்குப் போனால் நெஞ்சு படபடக்கும், வாய் உலரும், புத்தி தடுமாறும். அந்தப் பால் கொதிக்கும்போதே தேன் கலக்கிறார்களே, அதுவும் ஆயுர்வேதத்துக்கு ஆகாது. தேனைச் சூடாக்கக் கூடாது என்பது அதன் பழைய விதி.

தூக்கத்துக்காகச் சிலர் எடுக்கும் அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணம் தூக்க மாத்திரை அல்ல, பலன் தெரியச் சில வாரம் ஆகும். கர்ப்பிணிகளும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் தொடவே வேண்டாம். தைராய்டு மாத்திரை, தூக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

படுத்ததும் காலை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறதா? எண்ணெயை மாற்றிப் பயனில்லை, இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம்) அளவைப் பாருங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி வலித்தால் அதைத் தேய்க்கவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். அன்றிரவே மருத்துவமனைக்குப் போங்கள்.