இருமொழிக் குழந்தைக்குச் சிறப்புக் கல்வி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர்ப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழுமாக வளரும் பிள்ளைகள் ஏராளம். அப்படி ஓர் ஏழு வயதுச் சிறுமியிடம் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். பசுவைப் பார்த்து "ஆவு" என்றாள். மரத்தைப் பார்த்து "செட்டு" என்றாள். இரண்டும் சரியான தெலுங்குச் சொற்கள். தாளில் இரண்டும் தவறு என்றே பதிவாயின. அறிவுத்திறன் குறைவு என்ற ஐயமும் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஏறிவிட்டது. பின்னர் தெலுங்கு தெரிந்த ஒருவரை உடன் வைத்துச் சோதித்தோம். அவளுக்கு உதவி தேவைப்பட்டது உண்மைதான். ஆனால் குறை அறிவில் இல்லை, காது சற்று மந்தம்.

பள்ளி மொழியில் மட்டும் சோதித்து முடிவு கட்டுவது பழைய தவறு. கலிபோர்னியாவில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் ஒன்பது பேரை ஆங்கிலத் தேர்வை வைத்தே மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் சேர்த்திருந்தார்கள். ஸ்பானிய மொழியில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் அந்த வகுப்புக்கு உரியவர்களே அல்ல என்று தெரிந்தது. 1970-இல் தீர்ந்த டயானா வழக்கு அது.

எழுத்துப் பிழையிலும் அவசரம் கூடாது. இந்தியில் எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு இல்லை. பீகாரிலிருந்து வந்த பிள்ளை 'கொடு' என்பதைக் 'கோடு' என்று எழுதினால், அதை மட்டும் வைத்து டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பிலும் எழுத்திலும் திணற வைக்கும் கற்றல் குறைபாடு, என்று சொல்லிவிட முடியாது. உண்மையான கற்றல் குறைபாடு இரண்டு மொழியிலும் தலைகாட்டும். தாய்மொழியிலும் பேச்சு தாமதமாக வந்ததா, சொல்லின் ஒலிகளைப் பிரித்துச் சொல்லத் திணறுகிறதா என்று வீட்டில் விசாரியுங்கள். திணறுகிறது என்றால், "புது மொழிதானே, போகப் போகச் சரியாகிவிடும்" என்று காத்திருப்பதும் அதே அளவு கேடு.

எனக்கு மிகவும் வலிப்பது வேறொன்று: "வீட்டில் தமிழ் மட்டும் பேசுங்கள்" என்று பெற்றோருக்குச் சொல்லும் அறிவுரை. ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் இரு மொழி கேட்டு வளர்வதால் பேச்சில் மேலும் பின்தங்குவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. தமிழ் சரளமாக வராத தாய் இந்த அறிவுரையை நம்பினால் என்ன ஆகும்? "வா", "உட்கார்", "சாப்பிடு" என்ற மூன்று சொற்களோடு அவள் பேச்சு நின்றுவிடும். தாலாட்டும் கதையும் கொஞ்சலும் போய்விடும். பேச்சு வளர எது வேண்டுமோ அதையே நாம் பறித்துக்கொள்கிறோம்.

காது கேளாத பிள்ளையிடம் சைகையைத் தடுப்பதும் இதே இனம். பார்வையற்ற, காது கேளாத குழந்தைகளுக்கு மிகப் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கற்பிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது.

பெற்றோரிடம் பேச அக்காவையோ அண்ணனையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளை தன் தம்பியின் குறையைத் தாயிடம் எடுத்துச் சொல்லும் நிலை வரக் கூடாது.

தனிநபர் கல்வித் திட்டம் (அந்த ஒரு குழந்தைக்கென்றே வகுக்கும் கற்பித்தல் திட்டம்) எழுதும்போது பாட்டியிடம் கேளுங்கள்: தண்ணீர், வலி, பசி, கழிவறை ஆகியவற்றுக்குக் குழந்தை வீட்டில் என்ன சொல்கிறது? அந்தச் சொற்களையும் பட அட்டையில் தமிழோடு சேர்த்து எழுதி, ஓர் அட்டையை வீட்டுக்கும் கொடுத்தனுப்புங்கள்.