சகத்தோடு 78 கூட்டினால் போதுமா? கொங்கு ஆவண ஆய்வில் சறுக்கும் இடங்கள்

பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் 16 முதல் 18ஆம் நூற்றாண்டு வரையிலான கொங்குச் செப்பேடுகளையும் ஓலைகளையும் வைத்துக் கட்டுரை வாசிக்கிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: தேதிக் கணக்கில். எழுத்துப்பிழை, விட்டுப்போன அடிக்குறிப்பு எல்லாம் நெறியாளர் பாடு.

தேதியை ஒரே கூட்டலில் முடிப்பது

'சாலிவாகன சகாப்தம் ௲௬௱௰ விபவ ௵ மாசி ௴' என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து; ௵ வருஷம், ௴ மாதம். கி.பி. 78ஐ ஒட்டித் தொடங்கும் சக ஆண்டுக் கணக்கில் இது 1610. 78 கூட்டி 1688 என்று எழுதிவிடுகிறார்கள். விபவ வருஷம் 1688 சித்திரையில் பிறந்து 1689 பங்குனியில் முடிகிறது. மாசி என்றால் 1689. கொங்கு மைசூருக்கும் மதுரைக்கும் நடுவே இழுபட்ட காலம் அது. ஒரு வருஷம் பிசகினால், மானியம் விட்டபோது ஊர் யார் கையில் இருந்தது என்பதே மாறிவிடலாம்.

வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருவதால், சகமே இல்லாமல் 'விபவ' மட்டும் இருந்தால் 1628, 1688, 1748 மூன்றுமே பொருந்தும். அரசர் பெயரை வைத்துச் சுற்றைக் குறுக்குங்கள், பிறகு கிழமை, திதி, நட்சத்திரத்தை சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்க அட்டவணையில் (கி.பி. 700–1799) ஒத்துப் பாருங்கள். சகமும் வருஷப் பெயரும் ஓராண்டு தள்ளியிருந்தால் எழுதியவர் குறித்தது நடப்பாண்டா, கழிந்த (முடிந்துபோன) ஆண்டா என்ற குழப்பமாக இருக்கலாம். பல ஆண்டு தள்ளியிருந்தால் பின்னாளில் எழுதிய படியோ என்று சந்தேகப்படுங்கள்.

இதையெல்லாம்கூட மன்னிக்கலாம். மூல வாசகத்தைத் தராமல் 'கி.பி. 1688' என்று மட்டும் அச்சேற்றுவதைத்தான் பொறுக்க முடிவதில்லை. அடுத்து வருகிறவர்கள் அதையே மேற்கோள் காட்டுவார்கள். செப்பேடு கைமாறிப் போய்விட்டால் சரிபார்க்க வழியே இல்லை. கட்டுரையில் மூல வரி முதலில், கணக்கு அடுத்து, கி.பி. கடைசியில்.

கும்பினி (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி) கடிதத்தோடு ஒப்பிடும்போது இன்னொரு வம்பு. 1752க்கு முன் ஆங்கிலேயர் கணக்கில் புத்தாண்டு மார்ச் 25. அந்த 1689 மாசிச் செய்தி அவர்கள் கடிதத்தில் 1688 என்றே இருக்கும். அவர்களுடையது பழைய ஜூலியன் நாட்காட்டி என்பதால் நாளும் பத்து பதினொன்று பின்தங்கும்.

எண்ணா, எழுத்தா

தமிழ் எண்கள் சில எழுத்துகளைப் போலவே இருக்கும்: ௧ (1) – க, ௨ (2) – உ, ௭ (7) – எ, ௮ (8) – அ. ஓலையில் புள்ளியும் கிடையாது. சாய்வெளிச்சத்தில் எடுத்த படம் இல்லாமல் தீர்மானிக்காதீர்கள்.

பசலி

வருவாய்க் கணக்குக்கான இந்த ஆண்டைக் கி.பி. ஆக்க 590 கூட்டுங்கள். ஜனவரி முதல் ஜூன் வரை என்றால் 591.

திப்பு காசு

1787 முதல் மௌலூதி (நபிகள் பிறப்பிலிருந்து எண்ணும்) ஆண்டு, ஹிஜ்ரி அல்ல. இலக்கங்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்.

இன்றைய மாவட்டத்தில் தேடுவது

ஈரோடு 1979இலும் திருப்பூர் 2009இலும்தான் தனி மாவட்டங்கள் ஆயின. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கோயம்புத்தூர் தொகுதிகளைக் கேளுங்கள். இன்று கர்நாடகத்தில் உள்ள கொள்ளேகாலமும் 1956 வரை அதற்குள்தான்.

மேடை

கிடைப்பது பதினைந்து நிமிடம். அதில் பத்து நிமிடம் நாயக்கர் வம்சாவளி சொன்னால் தலைவர் மணியடிப்பார். செப்பேட்டின் படம், வாசகம், தேதிக் கணக்கு என்று மூன்று ஸ்லைடு போதும். கேள்வி எப்படியும் மூன்றாவதில்தான் வரும்.