கிராமர் பள்ளி மேல்முறையீடு: வெற்றி விகிதத்தை எப்படிப் படிப்பது?

பெரம்பூர், கொளத்தூர், வண்ணாரப்பேட்டை பகுதிகளிலிருந்து செவிலியர் பணிக்கும் மென்பொருள் பணிக்கும் இங்கிலாந்து சென்ற குடும்பங்களில், பிள்ளை லெவன் பிளஸ் என்ற நுழைவுத் தேர்வில் சில மதிப்பெண்களில், தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் கிராமர் பள்ளியைத் தவறவிட்டுவிட்டால், அங்கிருக்கும் பெற்றோரும் இங்கிருக்கும் தாத்தா பாட்டியும் கேட்கும் முதல் கேள்வி, மேல்முறையீடு செய்தால் எத்தனை சதவீதம் பேருக்கு இடம் கிடைக்கிறது என்பதுதான். அதற்குக் கிடைக்கும் எண்ணை அப்படியே தங்கள் பிள்ளையின் வாய்ப்பாக எடுத்துக்கொள்வதால் வீண் நம்பிக்கையோ வீண் மனச்சோர்வோ ஏற்படுகிறது. அந்த எண் எதை எண்ணுகிறது என்று தெரிந்துகொண்டால் மட்டுமே அதனால் பயன் உண்டு.

இங்கிலாந்தில் அரசு நிதியில் இயங்கும் கிராமர் பள்ளிகள் 163 மட்டுமே. ஆரம்பப் பள்ளியின் கடைசி ஆண்டான ஆறாம் ஆண்டின் தொடக்கத்தில், பெரும்பாலும் செப்டம்பரில், தேர்வு நடக்கும். பள்ளிகளை விருப்ப வரிசைப்படி எழுதித்தரும் விண்ணப்பத்துக்கு அக்டோபர் 31 கடைசி நாள். இடம் ஒதுக்கப்படும் நாள் மார்ச் 1. விண்ணப்பத்தில் குறிப்பிடாத பள்ளிக்கு மேல்முறையீடு செய்ய முடியாது.

தகுதி மதிப்பெண்ணை எட்டாத பிள்ளையின் தரத்தைத் தலைமை ஆசிரியர் குழு மீண்டும் பார்ப்பது மறுபரிசீலனை; இடம் மறுக்கப்பட்ட பின் பள்ளியைச் சாராத குழு விசாரிப்பது மேல்முறையீடு. இரண்டும் வெவ்வேறு. பிளஸ் டூ விடைத்தாளுக்கு நாம் கேட்கும் மறுகூட்டல் போன்றது என்று மறுபரிசீலனையை எண்ணிவிடக் கூடாது. அங்கே விடைத்தாளை யாரும் மீண்டும் திருத்துவதில்லை. பக்கிங்ஹாம்ஷயரில் தகுதி மதிப்பெண் 121. அதை எட்டாத பிள்ளையின் பள்ளிச் சான்றுகளையும், தலைமை ஆசிரியரின் கருத்தையும், பெற்றோர் கூறும் காரணங்களையும் தலைமை ஆசிரியர்கள் அடங்கிய குழு பார்த்து முடிவெடுக்கிறது. கென்ட்டிலோ, முடிவு பெற்றோருக்கு வரும் முன்பே, பள்ளி பரிந்துரைக்கும் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகங்களைத் தலைமை ஆசிரியர் குழு பார்த்துவிடுகிறது. ஆகவே ஒரு மாவட்டத்தின் விகிதத்தை இன்னொரு மாவட்டத்தோடு ஒப்பிடுவதில் பொருள் இல்லை.

மேல்முறையீட்டு விதிமுறைகளில் பலர் கவனிக்காத ஒரு பிரிவு இருக்கிறது. உள்ளூர் மறுபரிசீலனை நடக்காத பிள்ளைக்கு, அது கிராமர் பள்ளிக்குரிய தரத்தில் இருக்கிறது என்பதற்கான சான்றுகளை மேல்முறையீட்டுக் குழு எடைபோடும். மறுபரிசீலனை நடந்து தோற்ற பிள்ளைக்கோ, அந்த மறுபரிசீலனை நியாயமாகவும் ஒரே சீராகவும் விருப்பு வெறுப்பின்றியும் நடந்ததா என்பதையே குழு முதலில் பார்க்க வேண்டும். நடந்திருந்தால் சான்றுகளுக்குள் போக அதற்கு அதிகாரம் இல்லை. அது மட்டுமன்றி, வலுவான சான்று உள்ளவர்களில் பலர் மறுபரிசீலனையிலேயே தேறிவிடுவதால், மேல்முறையீட்டுக்கு வந்துசேர்பவர்களின் வெற்றி விகிதம் இயல்பாகவே குறைந்து தெரியும். மறுபரிசீலனை கேட்பதா, நேரே மேல்முறையீட்டுக்குச் செல்வதா என்று முடிவெடுக்கும் முன் இந்தப் பிரிவை ஒருமுறை முழுவதும் படித்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்ததாக, சதவீதம் எந்த எண்ணிக்கையின் மீது போடப்பட்டது என்று பாருங்கள். எடுத்துக்காட்டுக்கு, ஒரு பள்ளிக்கு 60 மேல்முறையீடுகள் வந்து, காத்திருப்போர் பட்டியலில் இடம் கிடைத்தோ மனம் மாறியோ 20 பேர் விலகி, 40 மட்டுமே விசாரிக்கப்பட்டு, 10 ஏற்கப்பட்டதாகக் கொள்வோம். விசாரிக்கப்பட்டவற்றில் இது 25 சதவீதம். வந்தவற்றில் ஏறத்தாழ 17 சதவீதம். அந்த 40 பேரில் 15 பேர் தகுதி மதிப்பெண் பெற்றும் வீடு பள்ளியிலிருந்து தூரமாக இருந்ததால் இடம் இழந்தவர்கள், 25 பேர் மதிப்பெண்ணே எட்டாதவர்கள் என்றும், முதல் பிரிவில் 7 பேரும் இரண்டாம் பிரிவில் 3 பேரும் வென்றார்கள் என்றும் வைத்துக்கொண்டால், ஒரு சாராருக்கு 47 சதவீதம், மறு சாராருக்கு 12 சதவீதம். உங்கள் பிள்ளை எந்தப் பிரிவில் இருக்கிறது என்று தெரியாமல் 25 என்ற எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய இயலாது. இங்கிலாந்து முழுவதற்குமான ஆண்டுக் கணக்கில் விசாரிக்கப்பட்டவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று வெல்கிறது என்றாலும், ஒரு வகுப்புக்கு 30 பேர் என்ற சட்ட வரம்பு தடுக்கும் மழலை வகுப்பு வழக்குகளும் அதில் கலந்திருப்பதால், கிராமர் பள்ளிக்கு அது வழிகாட்டாது.

பள்ளியும் உள்ளாட்சியும் இணையத்தில் கணக்கை வெளியிடாவிட்டால், நம் தகவல் உரிமைச் சட்டத்தைப் போல அங்குள்ள 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேட்கலாம். உள்ளாட்சி 20 வேலை நாட்களில் பதில் தர வேண்டும்; பள்ளிகளுக்கு 20 பள்ளி நாட்கள் அல்லது 60 வேலை நாட்கள், இவற்றில் எது குறைவோ அது. வந்தவை, விலகியவை, விசாரிக்கப்பட்டவை, ஏற்கப்பட்டவை ஆகிய நான்கையும், தகுதி பெற்றவர், பெறாதவர் என்று பிரித்து, மூன்று நான்கு ஆண்டுகளுக்குக் கேளுங்கள். பத்துப் பேரில் இருவர் வென்ற ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் நால்வர் வென்றால் விகிதம் இரட்டிப்பானதாகத் தோன்றும். உண்மையில் மாறியது இரண்டு பிள்ளைகளின் நிலை மட்டுமே.

இனி வட சென்னையிலிருந்து செய்ய வேண்டிய வேலை. விதிமுறை, தற்போதைய பள்ளியின் கடிதத்தோடு முந்தைய பள்ளியின் கடிதத்தையும் சான்றாகக் குறிப்பிடுகிறது. மூன்றாம் வகுப்பு வரை இங்கே படித்த பிள்ளையென்றால், அந்த மெட்ரிக் பள்ளியின் தலைமையாசிரியர் தரும் கடிதத்துக்கும் மதிப்புண்டு. ஆனால் நாம் வழக்கமாக வாங்கும் நன்னடத்தைச் சான்றிதழும், “நன்றாகப் படிப்பான், ஒழுக்கமானவன்” என்ற இரண்டு வரிக் கடிதமும் குழுவிடம் எடுபடாது. கணக்கில் வகுப்பைவிட எவ்வளவு முன்னே இருந்தான், எத்தகைய வினாக்களைத் தானே தீர்த்தான் என்று அவர் எழுத வேண்டும். ரேங்க் கார்டை அனுப்பும்போது 42 பேரில் இரண்டாம் ரேங்க் என்பதுபோல் வகுப்பின் எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அங்கிருப்பவர்களுக்கு அது விளங்காது. தமிழில் உள்ளவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணையுங்கள். விசாரணைகள் பெரும்பாலும் மே, ஜூனில் நடப்பதால், நம் பள்ளிகள் கோடை விடுமுறைக்கு மூடப்படும் முன், மார்ச்சிலேயே, யாராவது நேரில் போய்க் கடிதத்தை வாங்கிவிடுவது நல்லது.

மறுப்பு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து மேல்முறையீட்டைத் தாக்கல் செய்யக் குறைந்தது 20 பள்ளி நாட்கள் தரப்படும். பள்ளியைச் சாராத குறைந்தது மூன்று பேர் கொண்ட குழு விசாரிக்கும். அதில் கல்வித் துறை அனுபவம் உள்ள ஒருவரும் அத்துறை சாராத ஒருவரும் கட்டாயம் இருப்பார்கள். பள்ளி நிரம்பியிருந்தால், தகுதியை நிறுவுவதோடு நில்லாமல், இன்னொரு பிள்ளையைச் சேர்ப்பதால் பள்ளிக்கு ஏற்படும் சிரமத்தைவிட இந்தப் பிள்ளைக்கு அந்தப் பள்ளி ஏன் அவசியம் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். மார்ச் 1 அன்று ஒதுக்கப்பட்ட வேறு பள்ளியின் இடத்தை ஏற்றுக்கொள்வதால் மேல்முறையீடு பாதிக்கப்படாது. ஆகவே அதை மறுத்துவிடாமல், காத்திருப்போர் பட்டியலிலும் பெயர் இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.